மருமப்படமும் அச்சச் சுவையும்: புதுக்கோட்டைக் கலைஞர் இருவரை முன்னிட்ட ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழறிஞர் திரைப்படத்தைப் பற்றி எழுதப் புகுங்கால் புராணப்படம், வரலாற்றுப்படம், சமூகப்படம் என்னும் மூன்றையே பெரும்பாலும் எடுத்துக்கொள்வர். மருமப்படத்தை ஆய்வுப் பொருளாகக் கொள்வார் அரியர். பொழுதுபோக்கிற்கென எழுந்தது, முடிவு தெரிந்தபின் பயனற்றது, அச்சத்தைத் தூண்டிப் பொருளீட்டுவது என்னும் மூன்று குற்றங்கள் அதன்மீது சாற்றப்படுகின்றன. இக்குற்றச்சாட்டுகள் எத்துணை உண்மையுடையன என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்வதற்குரிய அளவுகோலை நாம் மேனாட்டிலிருந்து கடன் வாங்க வேண்டுவதில்லை. அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அதற்கு நிலைக்களனும் வகுத்துச் சென்றவர் தொல்காப்பியர். ஐயம், பொய்ச்சான்று, ஆராயாத் தீர்ப்பு என்பவற்றால் காப்பியத்தின் நடுவணைக் கட்டியவர் இளங்கோவடிகள். இவ்விரு நூலையும் கையிற்கொண்டு மருமப்படத்தை நோக்கின், அது நமக்கு முற்றிலும் புதியதொரு பொருளன்று என்பது புலனாகும்.

எடுத்துக்காட்டுகளின் பொருட்டுப் புதுக்கோட்டை மண்ணில் தோன்றிய நடிகர் இருவரை முன்னிறுத்துகின்றோம். ஒருவர் 1916-இல் பிறந்து 1951-இல், முப்பத்தைந்தாம் அகவையிலேயே மறைந்த பி. யு. சின்னப்பா. மற்றவர் 1920-இல் பிறந்து 2005 வரை வாழ்ந்த ஜெமினி கணேசன். இருவரும் பிறந்தபொழுது புதுக்கோட்டை தொண்டைமான் மன்னரின் தனியரசு. 1948-இல் அஃது இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974-இல் தனி மாவட்டமாயிற்று. முன்னவரைப் பாட்டுக்கும் வாட்போருக்கும் உரியவராகவும், பின்னவரைக் காதற்சுவைக்கு உரியவராகவுமே மக்கள் நினைவில் வைத்துள்ளனர். ஆயினும் தமிழ் மருமப்படத்தின் அடிப்படை மரபுகள் சிலவற்றை அவ்விருவர் நடித்த படங்களிலேயே தெளிவுறக் காணலாம்.

சொல்லும் பொருளும்

மக்கள் வழக்கில் மர்மப்படம், திகில்படம், துப்பறியும் படம் எனவும், இக்காலத்தில் திரில்லர் எனவும் பல பெயர் வழங்குகின்றன. இவற்றிடையே நுண்ணிய வேறுபாடுண்டு. துப்பறியும் படத்தில் அறிவே தலைமையிடம் பெறும். திகில்படத்தில் உணர்ச்சியே தலைமையிடம் பெறும். எனினும் யாதோ ஒன்று மறைந்து நிற்க, அதனால் ஒருவர்க்கு இடர் நேருமோ என்னும் ஐயத்திலேயே கதை நடப்பது அனைத்திற்கும் பொது. இப்பொதுமை பற்றி இவற்றையெல்லாம் மருமப்படம் என்னும் ஒரு பெயராலேயே ஈண்டுச் சுட்டுவோம்.

அச்சம் பிறத்தற்குரிய பொருள் நான்கு என்பது மெய்ப்பாட்டியற் கொள்கை. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. இந்நான்கினையும் தமிழ்ப்படங்களோடு பொருத்திப் பார்த்தல் பயனுடைத்து. 1966-இல் வெளிவந்த ‘யார் நீ’ அணங்கைப் பற்றிய அச்சத்தின்மேல் எழுந்தது. ஆவியெனத் தோன்றுவது மாந்தர் சூழ்ச்சியே என இறுதியில் அது தெளிவிக்கும். 1979-இல் வெளிவந்த ‘நீயா?’ பழிவாங்கும் பாம்பைக் காட்டி விலங்கச்சத்தை எழுப்பியது. 1966-இல் மாடர்ன் தியேட்டர்சார் வெளியிட்ட ‘வல்லவன் ஒருவன்’ கள்வர் கூட்டத்தையும் அதனை வேட்டையாடும் ஒற்றனையும் பற்றியது.

நான்காவதாகிய இறை என்பதே கருத்தூன்றத்தக்கது. அரசன், ஆணை, காவல் என்னும் மூன்றும் அச்சொல்லில் அடங்கும். நம்மைக் காக்கவேண்டிய ஒன்றே நமக்கு அச்சம் தருவதாயின் யாரிடம் முறையிடுவது? ஏனை மூன்று அச்சங்களுக்கும் புகலிடம் உண்டு, இதற்கு இல்லை. ஆதலின் மருமப்படங்களுள் சிறந்தன யாவும் ஏதேனும் ஒரு வகையில் இந்நான்காம் அச்சத்தைத் தொடுகின்றன என்பது எம் கருத்து. இதனைப் பின்னர் விரித்துரைப்போம்.

அஞ்சுவோனும் காண்போனும்

மெய்ப்பாட்டியலுக்கு உரைகண்ட பெருமக்கள் ஓர் அரிய வினாவை எழுப்பியுள்ளனர். அஞ்சுவானொருவனைக் காண்கின்றவனுக்கும் அச்சமே பிறக்குமோ என்பது அவ்வினா. பிறத்தல் ஒருதலையன்று, காண்பவனுக்கு நகையோ இரக்கமோ தோன்றலுமாம். சுவை என்பது சுவைக்கப்படும் பொருளினின்று சுவைப்பவன் உள்ளத்தில் எழுவதேயன்றி, இடையில் நிற்பவன் முகத்தினின்று கைமாறிச் செல்வதன்று என்பது இதன் கருத்து.

இக்கருத்தைத் திரையரங்கில் கண்கூடாகக் காணலாம். நடிகை ஒருத்தி வாய்விட்டு அலறுகின்றாள், கண்கள் பிதுங்குகின்றன, இசைக்கருவிகள் யாவும் ஒருங்கே முழங்குகின்றன. அரங்கில் இருப்போரோ சிரிக்கின்றனர். அவளுக்கு அச்சத்தின் குறிப்பு உண்டு. அவர்களுக்கு அச்சத்தின் பொருள் காட்டப்படவில்லை. மாறாக, வீட்டில் தனித்திருக்கும் ஒருவன் அமைதியாக நூல் படித்துக்கொண்டிருக்கின்றான். அவன் பின்னுள்ள கதவின் தாழ் மெல்லத் திறக்கின்றது. அவன் அஞ்சவில்லை, நாம் அஞ்சுகின்றோம். முன்னதில் நடிகை அஞ்ச, நாம் அஞ்சவில்லை. பின்னதில் நடிகன் அஞ்சாதிருக்க, நாம் அஞ்சுகின்றோம். மருமப்படக் கலையின் முதல் விதி இதனுள் அடங்கிவிடுகின்றது. அச்சத்தின் பொருளைக் காண்போன்முன் வைத்தல் வேண்டும்; அச்சத்தின் குறிப்பை நடிகன் முகத்தில் மிகுத்தல் வேண்டா.

மறைபொருளும் அறிபொருளும்

இனி, மருமப்படத்தின் கதைப்பின்னல் இருவகைப்படும். உண்மையைக் கதைமாந்தர்க்கும் காண்போர்க்கும் ஒருங்கே மறைப்பது ஒன்று. கதைமாந்தர்க்கு மறைத்துக் காண்போர்க்கு மட்டும் அறிவிப்பது மற்றொன்று. முன்னதை மறைபொருட் கதை எனவும் பின்னதை அறிபொருட் கதை எனவும் பெயரிட்டு வழங்குவோம். மேசைக்கடியில் குண்டு இருப்பதைக் காண்போர் அறியாதிருந்து அது திடுமென வெடித்தால் ஒரு நொடி வியப்பே மிஞ்சும். அறிந்திருந்தால் வெடிக்கும் வரையுள்ள ஒவ்வொரு நொடியும் அச்சமாகும் என இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக் விளக்கியது இவ்வேறுபாட்டையே. தொல்காப்பிய வழிநின்று கூறின், முன்னது மருட்கையின்பாற்படும், பின்னது அச்சத்தின்பாற்படும்.

மறைபொருட் கதை தமிழ்த்திரைக்கு வந்தது நாவல் வழியாகவே. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் துப்பறியும் நாவல்கள் தமிழ் மக்களிடையே பெருவழக்குப் பெற்றிருந்தன. வடுவூராரின் ‘திகம்பர சாமியார்’ 1950-இல் படமாயிற்று, எம். என். நம்பியார் அதில் பல வேடங்களில் தோன்றினார். அதற்கு முன்னரே, 1936-இல், ரங்கராஜுவின் கதை ‘சந்திரகாந்தா’ எனும் பெயரில் திரைக்கு வந்தது. நாடகக் குழுவில் பயின்ற சின்னப்பா திரையில் முதற்கண் தோன்றியது அப்படத்திலேயே. புதுக்கோட்டைக் கலைஞரின் திரைவாழ்வு துப்பறியும் கதையொன்றிலேயே தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது. மடத்தலைவர் ஒருவரின் போலித் துறவைத் தோலுரித்துக் காட்டியமையால் அக்கதை மேடையிலேயே பெரும்பெயர் பெற்றது. வெளித்தோற்றத்தை நம்பற்க என்பதே துப்பறியும் கதையின் அறமாதலின், போலித்துறவி அக்கதைக்கு இயல்பான பொருளானான்.

அறிபொருட் கதைக்கோ நாவலைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையே அதற்குத் தலையாய சான்று. அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லன் என்பதை நாம் அறிவோம், கோவலன் அறியான். தன் மனைவியின் சிலம்பை விற்க அவனிடமே செல்கின்றான். கள்வன் அகப்பட்டான் எனப் பொற்கொல்லன் அரசனிடம் உரைக்கின்றான். காவலர் வருகின்றனர். கோவலன் தோற்றத்தைக் கண்ட அவர்கள் இவன் கள்வனல்லன் என ஐயுறுகின்றனர். அக்கணத்தில் நம் நெஞ்சில் நம்பிக்கை துளிர்க்கின்றது. ஆனால் பொற்கொல்லனோ கள்வர் கையாளும் எண்வகைத் துணைகளை நூல்முறையாக எடுத்தோதி அந்த ஐயத்தைக் கெடுக்கின்றான். பேச்சு நீள்கின்றது; கொலை தள்ளிப்போகின்றது; தள்ளிப்போகும் ஒவ்வோர் அடியும் நம்மை வருத்துகின்றது. இறுதியில் கல்லாத குடியன் ஒருவன் வாளை ஓங்கிவிடுகின்றான்.

இங்கே இளங்கோவடிகள் செய்ததை உற்றுநோக்கல் வேண்டும். முடிவைப் பதிகத்திலேயே கூறிவிட்டார். கள்வன் யாரென்பதையும் மறைத்தாரல்லர். எனினும் படிப்பார் நெஞ்சு துடிக்கின்றது. ஆதலின் முடிவு தெரிந்தால் சுவை கெடும் என்னும் கொள்கை மறைபொருட் கதைக்கு ஓரளவே பொருந்தும். அறிபொருட் கதைக்கு அறவே பொருந்தாது. 1942-இல் ஜுபிடர் நிறுவனத்தார் இளங்கோவனின் உரையாடலோடு வெளியிட்ட ‘கண்ணகி’யில் கோவலனாக நடித்தவர் சின்னப்பா. கதையின் முடிவைத் தெருக்கூத்திலும் நாடகத்திலும் முன்னரே பன்முறை கண்டவர்களே அப்படத்திற்குத் திரண்டனர் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இதே பின்னலைப் புதுமையாகக் கையாண்ட படம் 1964-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘பொம்மை’. பொம்மையொன்றினுள் வெடிகுண்டு இருப்பதைக் காண்போர் அறிவர். அதனை எடுத்துச் செல்வோர் அறியார். பொம்மை கைமாறுந்தோறும் அச்சமும் இடம்பெயர்கின்றது. விளையாட்டுப் பொருளே கொலைப் பொருளாவது அப்படத்தின் தனிச்சிறப்பு. கோவலன் கையிலிருந்த சிலம்பும் அத்தகையதே. அணியாக இருந்தது, அவனைக் கொல்லும் சான்றாயிற்று.

ஓருருவில் இருவர், ஒருவனுள் பலர்

மருமப்பட மரபுகளுள் மிகப் பரந்து வழங்குவது உருவொப்புமை. தமிழில் ஒரு நடிகர் இருவேடம் புனைந்த முதற்படம் 1940-இல் டி. ஆர். சுந்தரம் இயக்கி மாடர்ன் தியேட்டர்சார் வெளியிட்ட ‘உத்தம புத்திரன்’. அவ்விரு வேடமும் சின்னப்பாவினுடையவை. பிரெஞ்சு நாவலாசிரியர் தூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவியது அப்படம். அரச குடியிற் பிறந்த இரட்டையருள் ஒருவன் அரியணையில் அமர்ந்து கொடுமை புரிகின்றான். மற்றவன் மக்களிடையே வளர்கின்றான். ஆண்டுகள் பல கழிந்து, 1958-இல், சிவாஜி கணேசன் நடிக்க அக்கதை மீண்டும் படமாயிற்று.

இக்கதை தமிழ்மக்களைக் கவர்ந்தது ஏன்? ஒரு முகத்தை இருமுறை காணும் வியப்பு முதற்காரணம் எனலாம். படச்சுருளின் ஒரு பாதியை மறைத்துப் பதிந்து, பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியில் மீண்டும் பதிவது அக்காலத்துச் செய்முறை. கோடு சிறிது பிறழினும் மாயை கலைந்துவிடும். ஆயினும் வியப்பு ஒருமுறையே நிலைக்கும். கதை நிலைத்தமைக்கு ஆழ்ந்த காரணம் வேறு உண்டு. முகமும் முடியும் ஒத்திருக்க, அரசனை அரசனாக்குவது யாது என்னும் வினா அது. குருதியா, குணமா? குருதி இருவர்க்கும் ஒன்றே. ஆதலின் குணமே எனக் கதை விடை கூறுகின்றது. தனியரசு ஒன்றில் பிறந்து வளர்ந்த ஒரு நடிகர், முடியரசுகள் பல இந்நாட்டில் நிலவிய காலத்தில், கொடிய அரசனாகவும் அவனை வீழ்த்தும் நல்லவனாகவும் ஒருங்கே நடித்தார் என்பதில் ஒரு வரலாற்றுப் பொருத்தம் உண்டு. தம் இறை என்னும் நான்காம் அச்சம் ஈண்டு நேர்படக் காட்சியளிக்கின்றது.

உருவொப்புமை அச்சத்திற்கே உரியதன்று, நகைக்கும் உரியது. ஜெமினி கணேசன் கதைத்தலைவராக நடித்து 1953-இல் வெளிவந்த ‘மனம்போல மாங்கல்யம்’ இருவேடப் படமே. அங்கு ஆள்மாறாட்டம் சிரிப்பை விளைத்தது. ஒரே கருவி ஒருகால் அச்சத்தையும் ஒருகால் நகையையும் தருவது எங்ஙனம்? பிழையான ஆளைப் பிடித்தால் நேரும் விளைவு சிறிதாயின் நகை. அஃது உயிர்க்கேடாயின் அச்சம். இருவகைக்கும் கருவி ஒன்றே. வேறுபடுவது இழப்பின் அளவு.

இம்மரபைத் தலைகீழாக்கிய படம் 1974-இல் கே. பாலசந்தர் இயக்கிய ‘நான் அவனில்லை’. அத்திரே எழுதிய மராத்தி நாடகத்தைத் தழுவியது. ஜெமினி கணேசன் அதில் ஒன்பது கோலங்களில் தோன்றினார். வழக்குமன்றக் கூண்டில் நிற்கும் ஒருவனைச் சுட்டி, என்னை மணந்து ஏமாற்றியவன் இவனே எனப் பெண்கள் ஒருவர்பின் ஒருவராகச் சான்று பகர்கின்றனர். ஒவ்வொருவர் கூற்றிலும் அவன் பெயர் வேறு, மொழி வேறு, நடை வேறு. அவனோ தான் அவனல்லன் என்று ஒவ்வொன்றையும் மறுக்கின்றான். ‘உத்தம புத்திர’னில் உருவம் ஒன்று, ஆள் இருவர், இதில் ஆள் ஒருவன், உருவம் பல. காதல் தலைவராக மக்கள் கொண்டாடிய ஒரு நடிகரை, காதலைக் கருவியாக்கி ஏமாற்றும் ஒருவனாக நிறுத்தியமையே இப்படத்தின் நுட்பம். பெண்கள் ஏமாந்தமைக்குக் காரணமான அதே கவர்ச்சிக்குக் காண்போரும் ஆட்பட்டே அரங்கில் அமர்ந்துள்ளனர். ஆதலின் குற்றவாளிக் கூண்டில் நிற்பவனோடு காண்போர் மனமும் விசாரணைக்கு உள்ளாகின்றது.

பாட்டில்லாப் படம்

மருமப்படத்திற்குப் பாட்டு இடையூறு என்பது நெடுநாள் வழக்காடப்பட்ட பொருள். அதற்கு விடையாக 1954-இல் ஏவி. எம். நிறுவனத்தார் வெளியிட்ட படம் ‘அந்த நாள்’. எஸ். பாலசந்தர் இயக்கினார்; ஜாவர் சீதாராமன் திரைக்கதை எழுதினார். பாட்டும் ஆடலும் இன்றித் தமிழில் வெளிவந்த முதற்படம் அது. இயக்கியவர் தாமே பெரும் வீணைக் கலைஞர் என்பதை நினைக்குங்கால், பாட்டை விலக்கியது இசையறியாமையால் அன்று, இசையின் எல்லையை அறிந்தமையால் என்பது விளங்கும்.

1943 அக்டோபரில் சென்னைமீது சப்பானியர் குண்டு வீசிய காலத்தைக் களனாகக் கொண்டது அப்படம். வானொலிப் பொறியாளனான இராசன் என்பவன் படத்தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கின்றான். தலைமை நடிகரான சிவாஜி கணேசனே கொல்லப்படுபவன். பின்னர் அவன் பிறர் நினைவுகளிலேயே உயிர்பெற்று உலவுகின்றான். மனைவி, தம்பி, தம்பியின் மனைவி, அண்டை வீட்டார், ஆசைநாயகி ஆகிய ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாக உரைக்கின்றனர். ஒவ்வொருவர்க்கும் கொலைக்குரிய காரணம் ஒன்று இருந்தது எனத் தெரியவருகின்றது. இறுதியில், பகைநாட்டிற்கு உளவனாகித் தாய்நாட்டைக் காட்டிக்கொடுத்த கணவனைத் தடுக்க முயன்ற மனைவியின் கையிலிருந்தே குண்டு பாய்ந்தது என்னும் உண்மை வெளிப்படுகின்றது. முடிவை மறைத்து எழுதுதல் விளம்பரம் செய்வார்க்கு அழகு. ஆய்வாளர்க்கு அன்று என்பது பற்றி இதனை வெளிப்படையாகக் கூறினோம்.

குரோசாவாவின் ‘ராஷோமோன்’ 1950-இல் வெளிவந்தது. பலர் கூற்றால் ஒரு நிகழ்ச்சியை உரைப்பது பற்றி இரண்டையும் ஒப்பிடுவார் பலர். ஒப்புமை புறத்தோற்ற அளவினதே. சப்பானியப் படத்தில் கூற்றுகள் ஒன்றோடொன்று முரண்பட்டு, உண்மை எட்டாப்பொருளாகவே நின்றுவிடுகின்றது. தமிழ்ப்படத்திலோ ஒவ்வொரு கூற்றும் இறந்தவனின் ஒரு பக்கத்தைக் காட்டி, எல்லாம் சேர்ந்து ஒரு முழுமனிதனை உருவாக்குகின்றன. உண்மை உண்டு, அஃது அறியப்படக்கூடியது, ஆனால் ஒருவர் கூற்றால் அறியப்படாது என்பதே ‘அந்த நா’ளின் கொள்கை. இரண்டனுள் எது உயர்ந்தது என்பது ஈண்டு வினாவன்று. தழுவல் என்னும் ஒரு சொல்லால் இப்படத்தின் தனித்தன்மையை மூடிவிடுதல் தகாது என்பதே எம் துணிபு.

பாட்டு மருமத்திற்கு எஞ்ஞான்றும் பகையோ எனின், அன்று. 1964-இல் தாதா மிராசி இயக்கிய ‘புதிய பறவை’ பாட்டுகள் நிறைந்த படமே. ‘சேஸ் எ குரூக்கெட் ஷேடோ’ என்னும் ஆங்கிலப்படமும் அதன்வழி வந்த வங்கப்படமும் அதற்கு மூலமாயின. அங்குப் பாட்டு கதையை நிறுத்துவதில்லை, மறைக்கின்றது. காதலின் இன்பத்தில் நாம் ஈடுபட்டிருக்கும் நேரத்தில் நம்மைச் சூழ்ந்து வலை பின்னப்படுகின்றது. ஆதலின் பாட்டு வேண்டுமோ வேண்டாவோ என்பதன்று வினா. பாட்டு மருமத்திற்குப் பணிசெய்கின்றதோ இல்லையோ என்பதே வினா.

நோக்கு என்னும் உறுப்பு

முடிவு தெரிந்தபின் மருமப்படம் பயனற்றதாகிவிடும் என்னும் குற்றச்சாட்டை இனி ஆராய்வாம். செய்யுளுறுப்புகளுள் நோக்கு என்பது ஒன்று. செய்யுளின் சிற்றுறுப்பு முதல் முழுவடி வரை ஒவ்வொன்றையும் மீண்டும் உற்றுப் பார்க்குமாறு செய்யும் தன்மையே நோக்கு. எப்பகுதியும் வீணன்று; ஒவ்வொன்றும் பொருள் பயக்கின்றது எனப் படிப்போன் உணர்தல் அதன் பயன்.

நல்ல மருமப்படத்திற்கு இவ்வுறுப்பு இன்றியமையாதது. ‘புதிய பறவை’யின் இறுதியில், இறந்த மனைவியெனத் திரும்பி வந்தவளும் அவளைச் சார்ந்தோரும் கொலையை வெளிப்படுத்தக் காவலர் வகுத்த சூழ்ச்சியின் உறுப்பினரே எனத் தெரிகின்றது, கதைத்தலைவனே தன் வாயால் குற்றத்தை ஒப்புகின்றான். இவ்வுண்மையை அறிந்தபின் படத்தை மீண்டும் காண்போர் முற்றிலும் வேறொரு படத்தைக் காண்கின்றனர். முன்பு இரக்கத்தை விளைத்த அவன் பதற்றம் இப்பொழுது குற்றவுணர்வாகத் தோன்றுகின்றது. முன்பு காதலாகத் தோன்றிய அவள் பார்வையில் இப்பொழுது கடமையும் காதலும் போராடுகின்றன. மறுமுறை காணுங்கால் வளமுறுவதே நல்ல படம், வெறுமையாவது போலிப்படம். ஆகவே அக்குற்றச்சாட்டு மருமப்படம் அனைத்திற்கும் உரியதன்று. அதன் போலிகட்கே உரியது.

குறைகள்

மருமப்படத்தின் குறைகளையும் எடுத்துரைத்தல் நடுவுநிலைமையாகும். முதலாவது, காண்போர்க்குக் காட்டாத சான்றைக் கொண்டு இறுதியில் முடிச்சவிழ்த்தல். முன்னர்த் தோன்றாத இரட்டையன் ஒருவனைக் கடைசிக் காட்சியில் கொண்டுவருவது, வழக்கு முடிந்தபின் சாட்சி தேடுவதை ஒக்கும். இரண்டாவது, மிகை விளக்கம். குற்றவாளி அகப்பட்டபின் துப்பறிவோன் நின்று நெடும்பொழுது உரையாற்றுவான்; படம் காட்டவேண்டியதைப் பேச்சு காட்டுகின்றது.

மூன்றாவது குறையே பெரிது. ஐயத்தை யார்மேல் எளிதாகச் சுமத்துவது என்பதில் நம் படங்கள் பலவும் ஒரு தீய வழக்கைப் பின்பற்றி வந்துள்ளன. முகத்தில் வடுவுடையவன், கூனன், ஆடல்மகள், ஏழை வேலைக்காரன், வேற்றூரான் ஆகியோரைக் காட்டினாலே போதும், காண்போர் ஐயுறுவர் என்பது அவ்வழக்கு. குற்றத்தை உருவத்திலும் பிறப்பிலும் தேடும் இம்மனப்பான்மையைப் படம் வளர்க்குமாயின், அது பொற்கொல்லன் கூற்றையே வழிமொழிவதாகும். ‘அந்த நாள்’ இவ்வழக்கைப் பயன்படுத்தியே அதனை முறியடித்தது. ஆசைநாயகியையும் அண்டை வீட்டானையும் ஐயுறவைத்து, பின்னர் நம் ஐயத்தின் சிறுமையை நமக்கே உணர்த்தியது. ஐயுறுதற்கு உரியவர் எனக் கொண்டோர் குற்றமற்றோராயினர். வீட்டின் தலைமகனே நாட்டின் பகைவனானான்.

மருமப்படத்தின் கவர்ச்சி

மருமப்படம் மக்களைக் கவர்வதற்குரிய அடிப்படைக் காரணம் யாது? அச்சமே இன்பம் என்பார் சிலர். இடரின்றி இடரை நுகர்தல் இன்பந்தான். ஆயினும் அச்சம் மட்டுமே வேண்டின், இருட்டும் பேரொலியும் போதும்; கதை வேண்டா. புதிரவிழ்க்கும் அறிவின்பமே காரணம் என்பார் வேறு சிலர். அதற்கோ விடுகதையும் கணக்குமே போதும்.

எம் கருத்தில், மருமப்படம் நிகழ்த்துவது ஒரு விசாரணை. கோவலனுக்கு நிகழாத விசாரணை அது. சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று ஒருமுறை பார்த்திருந்தால் போதும். ஓர் உயிர் பிழைத்திருக்கும், ஒரு நகர் பிழைத்திருக்கும். அப்பார்வை காலங்கடந்தே நிகழ்ந்தது. அக்கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த மக்கள், உரிய காலத்தில் உரிய சான்று பார்க்கப்படுதலைத் திரையில் காண விழைகின்றனர். தெரிந்து தெளிதலையும் ஒற்றாடலையும் தனித்தனி அதிகாரமாக வைத்த வள்ளுவரும் ஆட்சிக்கு அவை இன்றியமையாதவை எனக் கருதியே வைத்தார். துப்பறிவோன் மக்கள் மனத்தில் பெறும் இடம், ஆராய்ந்து முறைசெய்யும் இறைக்கு உரிய இடமே.

இதற்கு மாறுபட்ட சான்றையும் காட்டுதல் வேண்டும். 2016-இல் திரையரங்குகளுக்கு வந்த, வெற்றிமாறன் இயக்கிய ‘விசாரணை’ மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நாவலைத் தழுவியது. பிழைப்புக்காக ஆந்திரத்திற்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரைக் காவலர் பிடித்து, செய்யாத களவை ஒப்புமாறு வதைக்கின்றனர். வேற்றூர் சென்றவன், செய்யாத களவு, ஆராயாத ஆணை என்னும் மூன்றும் கோவலன் கதையின் உறுப்புகளே. குற்றவாளி யார் என்னும் புதிர் இப்படத்தில் இல்லை. விசாரணை என்னும் பெயரால் விசாரணை கொல்லப்படுதலே இதன் பொருள். இறையே அச்சத்திற்கு நிலைக்களனாகும் நான்காம் வகை இங்கே முழுவடிவு பெறுகின்றது. முன்னைய மருமப்படங்கள் ஊட்டிய நம்பிக்கையை இப்படம் மறுக்கின்றதாயினும், அந்நம்பிக்கை காண்போர் நெஞ்சில் முன்னரே வேரூன்றியிருத்தலாலேயே இம்மறுப்பு அத்துணை வலிமை பெறுகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மருமப்படத்தின் மரபுகள் அச்சம், மருட்கை என்னும் மெய்ப்பாடுகளைச் சார்ந்து நம் இலக்கணத்துள் இடம்பெறத்தக்கன என்பதும், மறைபொருள், அறிபொருள் என்னும் இருவகைப் பின்னலுள் பின்னதற்குச் சிலப்பதிகாரமே முன்மாதிரி என்பதும், மறுமுறை காணத் தூண்டும் நோக்கே நல்ல மருமப்படத்தைப் போலியினின்று பிரிக்கும் அளவுகோல் என்பதும், ஆராய்ந்து முறைசெய்தலில் மக்களுக்குள்ள வேட்கையே அதன் கவர்ச்சிக்கு அடிநிலை என்பதும் பெறப்பட்டன.

முப்பதுகளில் வெளிவந்த தமிழ்ப்படங்களுள் பெரும்பாலானவற்றின் படச்சுருள்கள் அழிந்துவிட்டன. ஓலைச்சுவடிகள் அழிந்தமைக்காக வருந்தும் நாம், நம் தந்தையர் காலத்துப் படச்சுருள்கள் அழிந்தமைக்கு வருந்துவதில்லை. பாட்டுப்புத்தகங்கள், விளம்பரத்தாள்கள், பழைய இதழ்களின் மதிப்புரைகள் ஆகியன இன்னும் இல்லங்களிலும் நூலகங்களிலும் எஞ்சியுள்ளன. புதுக்கோட்டையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் சின்னப்பா காலத்துப் பாட்டுப்புத்தகங்களைத் தேடித் தொகுக்கும் பணியை முதுகலை மாணவர் மேற்கொள்ளலாம். ரங்கராஜுவின் நாவலையும் எஞ்சியுள்ள திரைச்சான்றுகளையும் ஒப்பிட்டு ஆராய்வது தனியொரு பட்டத்திற்குரிய பொருளாகும்.

சின்னப்பா கோவலனாகக் கொலையுண்டதைக் கண்டு கண்ணீர் சொரிந்தவரும், அவரே இருவராய்த் திரையில் நின்றதைக் கண்டு வியந்தவரும் ஒரே மக்கள்தாம். அவர்தம் சுவையுணர்வை இழிந்தது எனத் தள்ளுமுன், அதனை ஆராய்ந்து தெளிதல் அறிஞர் கடன். ஆராயாது தீர்ப்பளித்தலின் விளைவு யாதென்பதை மதுரைக் காண்டம் நமக்கு முன்னரே உணர்த்தியிருக்கின்றது.